ஆர்லோவை வெளியேற்றும் முறை

பிளம் க்ரீக் சிறுவர் பேஸ்பால் மன்றம் ஒரு பையனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்கும். வெளியே எடுப்பதென்றால்தான் பாடு. அதற்கென்றே பதினாலு பக்கத்துக்கு விதி போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் கெட்டிக்காரப் பையன்களை மட்டும் ஆடவிட்டு, ஓடத் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிடுவார்களாம். அந்தப் பிள்ளைகள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியே கோடையைக் கழித்தன. அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் மன்றம் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பியது. களத்தில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும், எதிரணியில் ஆறு பேர் அவுட் ஆகும்வரை களத்தில் நின்றே தீர வேண்டும். அதற்குமுன் அவனை எடுத்தால் அணி தோற்றதாகக் கணக்கு. நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தில் போட்ட விதியிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்பது அந்த ஜூலை மாதச் சனிக்கிழமைவரை நாரிஸ் டிபெட்ஸுக்குத் தெரியாது.

நாரிஸ் தரைவிரிப்புக் கடையில் வேலை பார்ப்பவர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் நிறுத்தப் பலகையைக் கண்டால் காரை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். கொட்டுகிற மழையிலும் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு திரும்புகிற ஆள். வசந்தத்தில் மகனைச் சேர்க்கப் போனபோது வரிசையில் கடைசியாக நின்றவர் என்ற ஒரே தகுதியில் அவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். மகன் இரண்டே வாரத்தில் பேஸ்பால் சலித்துப்போய் நீச்சலுக்கு நழுவிவிட்டான். அப்பாவால் நழுவ முடியவில்லை. பயிற்சியாளரை வெளியேற்றவும் விதிகள் இருந்தன, அவை இன்னும் நீளம்.

அன்றைக்கு மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. பிள்ளைகளின் பெற்றோர் பலர் நீச்சல் குளம் உள்ள ஓட்டலாகப் பார்த்து அறைகூடப் பதிவு செய்துவிட்டார்கள். வலது கோடியில், பந்து எப்போதாவது வழிதவறி வருகிற அந்த மூலையில், ஆர்லோ ஸ்ப்ரேக் நின்றான். பத்து வயது, மெலிந்த பையன், அணியிலேயே சுமாரானவன். விதி யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அம்மா ரோண்டா வான்கோழிப் பண்ணைத் தொழிற்சாலையில் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவள். காலையில் அவனை இறக்கிவிடும்போது, "கொஞ்சம் பாத்துக்கங்க, மிஸ்டர் டிபெட்ஸ். பசிச்சாக்கூட இவன் வாயத் திறந்து கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலை நேரத்தில் அவள் கைப்பேசி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து வானத்துக்குப் போயிற்று. போன பந்து ஆர்லோவைத் தேடி வந்தது. அவன் கையுறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடி, பின்னே ஓடி, வெயில் கண்ணில் குத்தியதும் அப்படியே நின்றுவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவதெல்லாம் பழமொழியில்தான். ஆர்லோவின் தலைக்கு வந்தது தலையிலேயே இறங்கிற்று, காதுக்குச் சற்று மேலே. அந்தச் சத்தம் நாரிஸ் உட்கார்ந்திருந்த பெஞ்சுவரை கேட்டது. பையன் மல்லாந்து விழுந்தான். பிறகு யார் உதவியும் இல்லாமல் எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நாலாவது இன்னிங்ஸில் அவன் களத்தில் இறங்கியதிலிருந்து எதிரணியில் நாலு பேர் அவுட் ஆகியிருந்தார்கள். இன்னும் இரண்டு பாக்கி.

நாரிஸ் அங்கிருந்தே சைகையால் கேட்டார். ஆர்லோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆனால் அந்தக் கட்டைவிரலோடு வேறொன்றும் தெரிந்தது. இடக்கையில் இருந்த கையுறை இப்போது வலக்கையில் இருந்தது. விரல்கள் எல்லாம் தப்பும் தவறுமாக நுழைந்திருந்தன.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு இன்னிங்ஸில் பயிற்சியாளர் ஒரு தடவைதான் வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் போகலாம். அந்த ஒரு தடவையைப் பந்து வீசும் கேலப்பின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்ததற்கு அவர் செலவழித்துவிட்டார். இரண்டாம் தடவை காலை வைத்தால் ஆட்டம் போயிற்று. பின்னாலிருந்து ஒரு தகப்பன், "உக்காருங்க நாரிஸ், அவன் எப்பவுமே அப்படித்தான்" என்றார். இன்னொருத்தி ஓட்டல்காரன் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டான் என்பதைப் பொதுவாகக் காற்றிடம் சொன்னாள்.

நாரிஸ் கம்பிவலை ஓரமாகவே நடந்து, அம்பயர் வெர்ன் ஹக்கபியைக் கூப்பிட்டார். வெர்ன் வாரநாட்களில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. சனிக்கிழமைகளில் நீதி தேவன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சாவகாசமாக வந்தார்.

"வெர்ன், அந்தப் பையன வெளிய எடுக்கணும்."

"தாராளமா. எந்தப் பிரிவுல?"

"தலையில பந்து விழுந்துச்சு. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். ரத்தம் வந்துச்சா? ரத்தம்னா பேச்சே இல்ல. சட்டையில ஒரு பொட்டு தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே நானே தூக்கிட்டு வந்துருவேன்."

"வெளிய வரல. உள்ள இருந்தா?"

வெர்ன் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்காமல் எதையும் சொல்கிறவர் இல்லை.

"உள்ள எல்லாருக்கும்தான் ரத்தம் இருக்கு, நாரிஸ்."

பெற்றோர் கேட்டால் எடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நாரிஸ் ரோண்டாவுக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தொழிற்சாலை எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால், வான்கோழி வாங்க ஒன்றை அழுத்தவும், விற்க இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. கடைசியில், தலையில் அடிபட்டவர்களைச் சோதிக்க மன்றத்திலேயே ஒரு நலவாழ்வு அலுவலர் உண்டு என்பதை வெர்ன் நினைவுபடுத்தினார். லோர்னா பெட்டிபோன் என்ற அந்த அம்மாள் அப்போது தின்பண்டக் கடையில் முறைவேலையாக நாச்சோஸ்மேல் சீஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு வருவது முறையல்ல என்று சொல்லிவிட்டாள். வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் ஊறுகாய் ஜூஸ் இருக்கிறதா என்று விசாரித்து, அதன் விலையைக் கேட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தான். அதற்குள் நாரிஸ் கடைக்கும் கம்பிவலைக்குமாக அலைந்தார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஆர்லோ நிற்கிறானா என்று முதலில் பார்த்தார். நின்றான்.

லோர்னா ஒரு வழியாகக் கையைத் துடைத்துக்கொண்டு களத்துக்குள் போனாள். அவளுக்குக் கோடு தாண்ட அனுமதி உண்டு. பையன் முன் குனிந்து ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான், அவள் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். நாரிஸ் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு கேள்வி கேட்டேன். இன்னைக்கு என்ன கிழமை, எந்த ஊர், எத்தனாவது இன்னிங்ஸ், எந்த அணியோட ஆடுறோம், யாரு ஜெயிச்சுட்டிருக்காங்க. அஞ்சுக்கும் தப்பு."

"அப்ப எடுத்துடலாம்ல?"

"அவசரப்படாதீங்க. சும்மா மார்க்க வச்சு முடிவு பண்ணிட முடியாது. சீசனுக்கு முன்னாடி, நல்லா இருக்கும்போது எவ்வளவு வாங்கினானோ அதோட ஒப்பிட்டுப் பாக்கணும். அதுதான் விஞ்ஞானம். மார்ச் மாசம் இதே அஞ்சு கேள்வி கேட்டோம். அப்பவும் சைபர்தான். மேகத்தப் பாத்துட்டு நின்னான். ஆக, எந்த மாற்றமும் இல்ல." அவள் நிஜமான சந்தோஷத்தோடு சொன்னாள். "சொல்லப்போனா கொஞ்சம் தேறியிருக்கான். மார்ச்சுல கிழமை கேட்டதுக்குப் பதிலே சொல்லல. இன்னைக்கு லைப்ரரி போற நாள்னு சொன்னான்."

"வேற ஏதாவது சொன்னானா?"

"பாட்டு இன்னும் போடலயான்னு கேட்டான். மரியாதையான பையன்."

லோர்னா சீஸ் சட்டியைத் தேடிப் போய்விட்டாள். பாட்டைப் பற்றி அவள் சொன்னது நாரிஸுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆட்டம் தொடங்கும் முன்னால் தேசிய கீதம் போடுவார்கள். போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பையன் தலைக்குள் ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

இனி ஒரே வழி இரண்டு அவுட். இரண்டு பேர் அவுட் ஆனால் சட்டப்படியே அவனைக் கூட்டிவந்து நிழலில் உட்கார வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். நாரிஸ் ஜெபம் செய்தார். ஆனால் கேலப்பின் பந்து குறி தப்ப ஆரம்பித்துவிட்டது. பந்து நாலு தரம் கண்டபடி போனால் அடிப்பவன் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓசியிலேயே முதல் மூலைக்கு நடந்துவிடலாம். ஒருவன் நடந்தான். அவன் பின்னால் இன்னொருவன் நடந்தான். எதிரணிப் பிள்ளைகள் கோவில் ஊர்வலம்போல வரிசையாகக் களத்தைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொருவன் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்போதும் ஒரு ஓட்டம் ஏறிற்று, அவுட் மட்டும் ஏறவில்லை. வேறு பையனைப் பந்து வீசச் சொன்னார் நாரிஸ். அவன் கேலப்பைவிட மோசம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு எதிரணிப் பயிற்சியாளரிடமே போய், உங்கள் பையன்கள் இரண்டு பேரைச் சும்மா மட்டையைச் சுழற்றி அவுட் ஆகிவிடச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த மனிதர் இரக்கமுள்ளவர்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் வேண்டுமென்றே அவுட் ஆவது விளையாட்டை அவமதிக்கும் செயல் என்றும், அதற்காகத் தன் பையன்கள் வெளியேற்றப்படுவார்கள் என்றும் சொன்னார்.

வெளியேற்றப்படுவார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் நாரிஸ் வெர்னிடம் ஓடினார். ஓட்டமும் நடையுமாக, கோட்டுக்கு இந்தப் பக்கமாகத்தான்.

"வெர்ன், தப்பு பண்ற பையன உடனே வெளிய அனுப்பலாம்ல? நீங்க கை காட்டினா போதும்ல?"

"போதும். அதுக்கு அவுட் கணக்கும் கிடையாது, யாரையும் கேக்கவும் வேண்டாம்."

"அப்ப ஆர்லோவ அனுப்புங்க. நான் சொல்றேன், அவன் தப்பு பண்ணிட்டான்."

"என்ன தப்பு?"

நாரிஸ் திரும்பிப் பார்த்தார். ஆர்லோ குனிந்து புல்லில் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு, அழுக்குப் பண்ணிவிட்டோமே என்று நினைத்தானோ என்னவோ, பூட்ஸ் முனையால் மண்ணைத் தள்ளி அதை மூடினான்.

"மைதானத்த அசிங்கம் பண்ணிட்டான்" என்றார் நாரிஸ்.

"மூடிட்டானே. எத்தன பெரியவங்க மூடுவாங்க?" வெர்ன் அவர் தோளில் கையை வைத்தார். "இங்க பாரு நாரிஸ். இருபது வருஷமா இந்த மைதானத்துல அம்பயரா நிக்கிறேன். அம்பயர திட்டினவன், மட்டைய எறிஞ்சவன், சொந்த அப்பனையே எட்டி உதைச்சவன், எல்லாரையும் அனுப்பியிருக்கேன். ஆனா ஒரு பாவமும் அறியாத ஒரே ஒரு குழந்தையக்கூட நான் வெளிய அனுப்பினது இல்ல. ராத்திரி படுத்தா எனக்குத் தூக்கம் வருதுன்னா அதுக்கு அதுதான் காரணம். அந்தத் தூக்கத்தக் கெடுக்காத."

அவன் உங்களைத் திட்டினால் அனுப்புவீர்களா என்று நாரிஸ் கேட்டார். கட்டாயம் அனுப்புவேன் என்றார் வெர்ன். உடனே நாரிஸ் வாயில் கையைக் குவித்து, மைதானமே கேட்கும்படி, அம்பயரைத் திட்டுடா ஆர்லோ, கெட்ட வார்த்தையாகத் திட்டு என்று கத்தினார். வாழ்நாளில் நாயைக்கூட அதட்டாத மனிதர். பெற்றோர் கூட்டம் திகைத்துப்போய் அவரைப் பார்த்தது. ஆர்லோ குரல் வந்த திசையைத் தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு யாரும் இல்லாத பக்கம் பார்த்து, "சரிங்க கோச்" என்றான். திட்டவில்லை. அவனுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். வெர்ன் பெருமையாகத் தலையாட்டிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. ஆர்லோ மெதுவாக ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். வேலிக்கு அப்பால், கம்பத்தில் கொடி காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். மார்பின்மேல் வைத்துக்கொண்டான், சரியான பக்கம் எது என்று தெரியாமல் வலப்பக்கமாக. கால் ஆடியது, ஆனாலும் நிமிர்ந்து நின்றான். பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அறிவிப்பாளர் கூண்டில் மன்றத் தலைவர் டெல்பர்ட் யோக்கம் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் வியாபாரி, கனத்த மனிதர், இளகிய மனசு. களத்தின் கோடியில் ஒற்றைப் பிள்ளை கொடிக்கு மரியாதை செய்வதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி வெர்னுக்குச் சைகை காட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எல்லாரும் வலது கோடியப் பாருங்க" என்றார். "நம்ம அணி தோத்துட்டிருக்கு. வெயில் மண்டையப் பொளக்குது. அந்த நேரத்துல ஒரு பையன், யாரும் சொல்லாமலே, என்ன பண்றான் பாருங்க. இதுக்குத்தான் நாங்க இந்த மன்றத்த நடத்துறோம். ஓட்டம் எடுக்கத் தெரியாதவன், பந்து பிடிக்கத் தெரியாதவன், அவனும் கடைசிவரைக்கும் நிக்கணும், நிக்க வைக்கணும். இந்தப் பையனத்தான் ஒருத்தர் வெளிய எடுக்கணும்னு இவ்வளவு நேரமா மல்லுக்கட்டிட்டு இருந்தார்னு கேள்விப்படுறேன். பேர் சொல்ல மாட்டேன். நாரிஸ், அந்தப் பையன நல்லாப் பாருங்க. அவனுக்கு என்ன குறை? என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியல. எல்லாரும் எந்திரிங்க. அவனுக்காக ஒரு தடவ பாட்டப் போடுவோம்."

பாட்டைப் போட்டார்கள். இருநூறு பேர் எழுந்தார்கள். தொப்பிகள் இறங்கின, கைகள் மார்புக்குப் போயின. நாச்சோஸ் வரிசை அப்படியே நின்றது. மூலைகளில் நின்ற பிள்ளைகள் கொடியைப் பார்த்துத் திரும்பினார்கள். வெர்ன் முகமூடியை மார்பில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். அந்த ஊரில் பாட்டு ஒலிக்கும்போது கொசு கடித்தாலும் யாரும் அசைய மாட்டார்கள். விதி என்று அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாததாலேயே அதை மீறினவன் என்று ஒருத்தன்கூட அங்கே இருந்ததில்லை.

நாரிஸும் எழுந்து கையை மார்பில் வைத்தார். பழக்கம். ஆர்லோவின் முதுகைப் பார்த்தார். அவன் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தான், நிமிர்ந்தான், மறுபடி சாய்ந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால், முதலில் தன்மேல்தான். சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு கோடு, நேற்று பெய்த மழையில் பாதி கரைந்துபோன கோடு, அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தான் இவ்வளவு நேரம் ஓடி ஓடி அனுமதி கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. மார்பிலிருந்து கையை எடுத்தார். கோட்டைத் தாண்டினார்.

பாட்டு நடுவில் இருந்தது. அசையாத இருநூறு பேருக்கு நடுவே ஒருத்தர் மட்டும் புல்லில் நடந்துபோனார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. வெர்னின் கண்கள் மட்டும் அவரோடு நகர்ந்தன, உடம்பு நகரவில்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னார்கள். தடுக்க வேண்டுமானால் அசைய வேண்டும். அசைய யாருக்கும் துணிச்சல் இல்லை. பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நாரிஸ் நடையை ஓட்டமாக்கினார்.

பக்கத்தில் போனபோது ஆர்லோ தலையைத் திருப்பாமலே சொன்னான். "கோச், தொப்பியக் கழட்டுங்க."

நாரிஸ் கழற்றினார்.

"நீங்க கோட்டத் தாண்டி வரக்கூடாதுல்ல? உங்களத் திட்டப்போறாங்க."

"திட்டட்டும்பா. வா, போலாம்."

"ரெண்டு அவுட் பாக்கி இருக்கு" என்றான் பையன். இடது கண்ணின் பாப்பா பெரிசாக விரிந்திருந்தது, வலது கண் சாதாரணமாக இருந்தது. அவ்வளவுதான், முழங்கால் மடங்கிவிட்டது. நாரிஸ் அவனைக் கீழே விழாமல் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேலியில், புல் வெட்டும் வண்டி வருவதற்கு ஒரு கதவு இருந்தது. தாழ்ப்பாள்தான், பூட்டுகூட இல்லை. அதைத் திறந்துகொண்டு அவர் வெளியே போகும்போது பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தால் கைதட்டுவது வழக்கம், எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு நிறுத்தப் பலகையிலும் அன்றைக்கு அவர் காரை நிறுத்தவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது என்று ஹெலிகாப்டரை வரவழைத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நாரிஸ் நேரத்தைச் சொன்னார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். நாரிஸ், விதிப்படி, என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். ரோண்டா வேலை உடுப்போடு, தலையில் வலையோடு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தாள். நாரிஸ் அவளிடம் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பையன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவன் கண் திறப்பானா, திறந்தால் அம்மாவைத் தெரியுமா என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் டெல்பர்ட் யோக்கம் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட ஒரு பந்தைக் கொண்டுவந்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றினார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். ரோண்டாவிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டு நாரிஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். ஆட்டத்தன்று இரவே மன்றம் கூடியதாம். பாட்டு ஒலிக்கும்போது நடந்ததற்கும், தொப்பி அணிந்திருந்ததற்கும் நாரிஸுக்கு ஆயுள் தடை.

"அந்தப் பையன எடுத்ததுக்கு உங்கமேல நடவடிக்கை இல்ல, தம்பி" என்றார். "ஏன்னா, நீங்க எடுக்கவே இல்ல. எந்தப் பிரிவுலயும் அது சேரல. ரத்தம் தெரியல, அம்மா கேக்கல, லோர்னா சோதனையில பாஸ், ஒழுக்கத்துல ஒரு குறையும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் புரட்டிப் புரட்டிப் பாத்தோம். ஆக, மன்றத்தப் பொறுத்தவரைக்கும் அவன் இன்னும் வலது கோடியிலதான் நிக்கிறான். பாட்டுக்காக ஆட்டம் நின்னிருந்த நேரம்கறதால நீங்க கோடு தாண்டினதும் கணக்குல வராது. ஆட்டத்த அப்படியே நிறுத்தி வச்சிருக்கோம். அவன் பேர அடிக்க மாட்டோம், அவன் எடத்துல வேற எவனையும் நிக்க வைக்க மாட்டோம். எழுந்து வரட்டும், காத்திருக்கோம். எந்த மன்றம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும்?"

ரோண்டா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த நேரத்தில் கட்டிலில் அசைவு தெரிந்தது. ஆர்லோவின் உதடு திறந்தது, பிறகு கண் திறந்தது. கண் அறையைச் சுற்றி வந்து நாரிஸின்மேல் நின்றது.

"கோச்" என்றான். காற்று மாதிரி ஒரு குரல். "ரெண்டு அவுட்டும் ஆயிடுச்சா? நான் உள்ள வரலாமா?"

அந்தப் பையன் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறான் என்பது நாரிஸுக்குப் புரிந்தது. வாந்தியை மூடியபோதும், தள்ளாடியபோதும், அவன் உள்ளே வரத்தான் விரும்பியிருக்கிறான். கூப்பிடட்டும் என்று காத்திருந்திருக்கிறான். பதினாலு பக்கம் படித்த பெரியவர்கள் யாரும் கூப்பிடவில்லை. அவருக்குக் கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. குனிந்து, பையன் காதருகே சொன்னார்.

"ஆயிடுச்சுப்பா. ரெண்டும் ஆயிடுச்சு. நீ உள்ள வந்துட்ட."

ஆர்லோ பெருமூச்சு விட்டான். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "அம்மா, பசிக்குது" என்றான்.

டெல்பர்ட் தொண்டையைச் செருமினார். பிள்ளைகளிடம் பொய் சொல்வதை அவர் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.

"உண்மையச் சொல்லணும்னா, தம்பி," என்றார் கட்டிலைப் பார்த்து, கனிவாக, "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

ரோண்டா எழுந்தாள். நாள் முழுக்க வான்கோழிகளைத் தூக்கி மாட்டுகிற கை அவளுடையது. டெல்பர்ட்டின் சட்டைக் காலரைப் பின்பக்கமாகப் பிடித்தாள். அவர், எந்த அடிப்படையில், என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வி முடிவதற்குள் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.